ஃபவுண்டன் இருக்கட்டும், முதலில் அம்முலுவைக் காட்டுங்கள்

சென்னையின் தென்புறநகரில், அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் மூன்று பூனைகள். சிங்காரம் நாலு வயதுக் கடுவன். கருத்தடை ஆனவன், ஐந்தரை கிலோ. மணி இரண்டு வயதுப் பெட்டை. அம்முலுவுக்குப் பன்னிரண்டு வயது; வாசகியின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட இருப்பவள். இரண்டு மாதத்துக்கு முன் சிங்காரத்துக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. கதீட்டர் போட்டு மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பதினான்காயிரம் ரூபாய் செலவு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: "நிறைய தண்ணீர் குடிக்க வையுங்கள்."

அன்றிலிருந்து வாசகி ஃபவுண்டன், அதாவது சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓடவிடும் பூனைப் பாத்திரம், தேடிக்கொண்டிருக்கிறார். 900 ரூபாய்க்கும் இருக்கிறது, 6,000 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை வாங்குவது? கணவர், "குழாயைத் திறந்தால் குடிக்கிறான், இதுக்கு எதுக்கு மோட்டார், கரண்ட் பில் யார் கட்டுறது?" என்கிறார். மாமியார், "பால் ஊத்தினா போதும்" என்கிறார். வீட்டுப் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,100, அதனால்தான் கல் வந்தது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஃபவுண்டன் வாங்கிவிட்டால் இப்போது கொடுக்கும் ட்ரை ஃபுட்டையே தொடரலாமா என்பது அவருடைய இன்னொரு கேள்வி. கடிதத்தை முடிக்கும்போது போகிற போக்கில் இப்படி எழுதுகிறார்: "அம்முலு விஷயத்தில் கவலையே இல்லை டாக்டர். கொஞ்ச நாளாக அவளே தேடிப்போய் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள். உடம்பும் இளைத்து அழகாகிவிட்டாள்."

முதலில் அம்முலு

அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது அந்தக் கடைசி வரிதான். சிங்காரத்தின் கண்டம் இப்போதைக்குத் தாண்டிவிட்டது. இந்த வாரம் டாக்டரிடம் போக வேண்டியது அம்முலு.

வயதான பூனை திடீரென்று அதிகம் தண்ணீர் குடிப்பது நல்ல பழக்கம் அல்ல, அறிகுறி. கூடவே எடையும் குறைகிறது என்றால் மூன்று சந்தேகங்கள் வரும்: சிறுநீரகம் தளர்வது, சர்க்கரை நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது. வயதான பூனைகளில் சிறுநீரகத் தளர்ச்சியை அடிக்கடி பார்க்கிறோம். சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீரைக் கெட்டிப்படுத்தும் சக்தி குறையத் தொடங்கும். நீர் நிறைய வெளியே போவதால் தாகம் கூடுகிறது. அதாவது அவள் நிறையக் குடிப்பதால் நிறையச் சிறுநீர் போகவில்லை. நிறையப் போவதால்தான் குடிக்கிறாள். கோடைக்கும் தாகத்துக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் மற்ற இரண்டு பூனைகளும் அதே வீட்டில், அதே வெயிலில்தானே இருக்கின்றன?

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: ரத்தத்தில் சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், எஸ்.டி.எம்.ஏ., பிறகு சர்க்கரை, தைராய்டுக்கு டி4, சிறுநீரின் அடர்த்தி, முடிந்தால் ரத்த அழுத்தம். பழைய எடை எங்காவது எழுதிவைத்திருந்தால், தடுப்பூசி அட்டையில் இருந்தாலும் சரி, எடுத்துப் போங்கள். அதுவரை ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மணல் பெட்டி சீக்கிரம் நனைகிறதே என்று அவளுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு ஒருநாள் தண்ணீர் கிடைக்காமல் போனாலே நிலைமை முற்றிவிடலாம்.

சிங்காரத்துக்கு வந்தது எது?

கடிதத்தில் ஒரு தகவல் இல்லை. அவனுக்கு அடைத்தது எது? ஸ்ட்ருவைட் படிகமா, கால்சியம் ஆக்சலேட்டா, அல்லது கல்லே இல்லாமல் சிறுநீர்ப்பை அழற்சியில் உருவான சளிக்கட்டியா? டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். ஸ்ட்ருவைட் கல்லைச் சிறப்பு உணவு கொடுத்தே கரைக்க முடியும். ஆக்சலேட் கரையாது. இளவயது, நடுவயதுப் பூனைகளில் அதிகம் காண்பது மூன்றாவது வகை. அதில் மன அழுத்தத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. புது வீடு, புதுப் பூனை, ஒரே மணல் பெட்டிக்குப் போட்டி என்று எதுவும் தூண்டலாம். மணி எப்போது வந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள். மூன்று பூனைக்கு நான்கு மணல் பெட்டி என்பது எங்கள் கணக்கு. உங்கள் வீட்டில் எத்தனை?

மூன்றில் எதுவாக இருந்தாலும் சிறுநீர் நீர்த்துப் போவது நல்லது. அதனால் உங்கள் டாக்டர் சொன்ன ஒரு வரி சரிதான். ஆனால் "குடிக்க வையுங்கள்" என்றதும் நாம் எல்லோரும் கிண்ணத்தைத்தான் பார்க்கிறோம்.

வீட்டுப் பூனையின் மூதாதை பாலைநிலக் காட்டுப் பூனை. எலியும் பறவையும் தின்று, அந்த இரையில் இருக்கும் சுமார் 70 சதவீத நீரிலேயே பெரும்பாலும் காலம் தள்ளிய பிராணி. தாகம் மந்தம், சிறுநீரைக் கெட்டிப்படுத்தும் திறமை மட்டும் அபாரம். அதன் முன்னால் பத்து சதவீதம்கூட ஈரம் இல்லாத ட்ரை ஃபுட்டை வைத்துவிட்டு, மிச்சத்தை நீயே குடித்துக்கொள் என்கிறோம்.

கணக்காகப் பார்ப்போம். பூனைக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 50 மி.லி. நீர் என்று தோராயமாக வைத்தால் சிங்காரத்துக்கு 275 மி.லி. வேண்டும். 65 கிராம் ட்ரை ஃபுட்டிலிருந்து அவனுக்குக் கிடைப்பது 6 மி.லி. போல. மீதி முழுவதையும் அவன் நாக்கால் நக்கியே எடுக்க வேண்டும். 85 கிராம் வெட் ஃபுட் பவுச் ஒன்றில் எண்பது சதவீதம் நீர், அதாவது சுமார் 68 மி.லி. ஒரு நாளில் இரண்டு பவுச் என்றால் தேவையில் பாதி சாப்பாட்டோடு உள்ளே போய்விடுகிறது. எந்த ஃபவுண்டனும் இவ்வளவு நிச்சயமாக இதைச் செய்யாது.

ஃபவுண்டன்களை வைத்து நடந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஒரு ஆய்வில் பூனைகள் ஓடும் நீரைக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தன, ஆனால் சிறுநீரின் அடர்த்தியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இன்னொன்றில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. தனித்தனிப் பூனைகளுக்கு மட்டும் தனித்தனி விருப்பம் இருந்தது. எனவே ஃபவுண்டன் வாங்கிவிட்டால் ட்ரை ஃபுட்டையே தொடரலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் உணவை மாற்றுங்கள்.

மூன்று பூனைக்கும் பவுச் வாங்கினால் மாத பட்ஜெட் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். சிங்காரத்துக்கு மட்டும் இரண்டு வேளை பவுச் கொடுங்கள். மிச்ச ட்ரை ஃபுட்டில் அதே அளவு வெதுவெதுப்பான நீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். நம் வெயிலில் அரை மணி நேரத்துக்குமேல் தட்டில் கிடக்க விடாதீர்கள். எலும்பு நீக்கிய கோழியையோ மத்தி மீனையோ வேகவைத்த தண்ணீரை, உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாமல், இரண்டு ஸ்பூன் மேலே ஊற்றினால் தட்டு காலியாகிவிடும். வெங்காயமும் பூண்டும் அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே போகக் கூடாது. இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வீட்டில் வேகவைத்த மீனையே முழுச் சாப்பாடாக்கிவிடாதீர்கள், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் கால்சியமும் போதாது. டாக்டர் அவனுக்குச் சிறப்பு உணவு எழுதியிருந்தால், இவற்றில் எதைச் சேர்க்கலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே சேர்க்க வேண்டும். அவனுடைய ஐந்தரை கிலோவையும் டாக்டர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும், கருத்தடை ஆன, குண்டான கடுவன்களைத்தான் இந்த நோய் தேடி வருகிறது.

ஒருமுறை அடைத்த பூனைக்கு மறுபடி அடைப்பது அபூர்வமல்ல. பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போவது, முக்குவது, கத்துவது, அடியை நக்கிக்கொண்டே இருப்பது, மணல் மட்டும் காய்ந்தே கிடப்பது: இவற்றைப் பார்த்தால் இரவு எத்தனை மணியானாலும் கிளம்பிவிடுங்கள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காலையில் தூக்கிவருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். அதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாற ஆரம்பித்திருக்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அந்த நேரத்தில் தண்ணீரை வாயில் புகட்டுவதால் பயனில்லை. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

போர் தண்ணீரா, கேன் தண்ணீரா?

பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகம் நியாயமானதுபோலத் தெரியும், கணக்கில் நிற்காது. லிட்டருக்கு 150 மி.கி. கால்சியம் உள்ள கடின நீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால் லிட்டர் குடித்தால் 40 மி.கி. கூடத் தேறாது. 65 கிராம் ட்ரை ஃபுட்டில் ஒரு சதவீதம் கால்சியம் என்றால் 650 மி.கி. கல்லுக்கான சரக்கு பெரும்பாலும் தட்டிலிருந்துதான் போகிறது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. 1,100 அந்த இடைவெளியில் இருக்கிறது. ஆனால் உப்புக் கரிக்கும் தண்ணீரைப் பூனைக்குப் பிடிக்காமல் போகலாம். நீங்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்களோ அதையே வையுங்கள், அது ஆர்.ஓ.வோ, கேனோ, காய்ச்சி ஆறவைத்ததோ. மெட்ரோ வாட்டரில் குளோரின் வாடை அடித்தால் அகலமான பாத்திரத்தில் சில மணி நேரம் திறந்து வைத்தாலே பெரும்பாலும் குறையும்.

கடின நீர் பெரிதாகத் தொல்லை கொடுப்பது பூனைக்கு அல்ல, ஃபவுண்டனுக்குத்தான். வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு மோட்டாருக்குள் படிந்தால் சத்தம் வரும், பிறகு நின்றுவிடும்.

வாங்குவதென்றால்

வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை. சிங்காரம் குழாயில் குடிப்பதைப் பார்த்து அவனுக்கு ஓடும் நீர் பிடிக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் குழாய் இருப்பது குளியலறையில், சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் மணல் பெட்டியிலிருந்தும் தள்ளி, தண்ணீரும் புதுசு. அவனுக்குப் பிடித்தது அந்தத் தூரமாகவோ புதுமையாகவோகூட இருக்கலாமே? ஒரு வாரம், மீசை இடிக்காத அகலமான பீங்கான் கிண்ணமோ எவர்சில்வர் பேசினோ வாங்கி, விளிம்புவரை நிரப்பி, தட்டிலிருந்து தள்ளி வேறு அறையில் வையுங்கள். காலை மாலை மாற்றுங்கள். அதில் குடிக்கிறானென்றால் உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காமல் குழாயடியிலேயே தவம் கிடந்தால் ஃபவுண்டன் வாங்குங்கள்.

பொருள்: எவர்சில்வர் அல்லது பீங்கான். பிளாஸ்டிக்கில் தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழுந்து, கீறலுக்குள் வழுவழுப்பு சேரும். சில பூனைகளுக்குத் தாடையில் கருப்புப் புள்ளியாகப் பரு வருவதையும் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். விளம்பரத்தில் 'ஸ்டீல்' என்று போட்டிருப்பார்கள். வந்த பிறகு பார்த்தால் மேல்தட்டு மட்டும் ஸ்டீல், அடித்தொட்டி பிளாஸ்டிக். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது கழுவ முடிகிறதா என்பதை. எத்தனை பாகமாகக் கழற்றலாம்? கை உள்ளே போகிறதா? மோட்டாரின் மூடியைத் திறந்து உள்ளே சுழலும் சின்னச் சக்கரத்தை வெளியே எடுக்க முடிகிறதா? பூனை முடி சுற்றிக்கொள்வது அங்கேதான். பூப்போல விரியும் குழாய், மூன்றடுக்கு அருவி என்று அழகாக இருப்பவை பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். 6,000 ரூபாய் மாடலில் செயலி, விளக்கு, சென்சார் எல்லாம் உண்டு. பூனைக்கு அவற்றால் ஒரு லாபமும் இல்லை. பூனை அருகில் வந்தால் மட்டும் ஓடும் சென்சார் வகையைக் கண்டு மிரண்டு, அந்தப் பக்கமே போகாத பூனைகளும் உண்டு.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். சில மாடல்களில் மோட்டார் நின்றதும் நீர் முழுவதும் கீழே இறங்கிவிடும், மேலே நக்க ஒன்றுமிருக்காது. மோட்டார் நின்றாலும் ஒரு கிண்ணம் அளவு நீர் மேலே தேங்கி நிற்கும் அமைப்பு வேண்டும். மூன்று பூனைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் கொள்ளளவு போதும். நீர் மட்டம் வெளியிலிருந்து தெரிந்தால் நல்லது, ஏனென்றால் நீர் வற்றிய மோட்டார் முதலில் இரையும், பிறகு எரிந்துபோகும். மணிக்கு இரண்டு வயதுதான் என்பதால் வயரைக் கடிக்கும் சாத்தியம் உண்டு. தடித்த உறை போட்டுச் சுவரோரமாகக் கொண்டுபோங்கள். தொட்டிக்குப் போவது பெரும்பாலும் 5 வோல்ட்தான், ஆனால் அடாப்டர் செருகியிருக்கும் இடத்தில் 230 வோல்ட்.

ஃபில்டர் வேறு ஒரு செலவு. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டுக்குக் குறையாது. அதையும் கூட்டிப் பார்த்தபின் எது மலிவு என்று முடிவு செய்யுங்கள். கரி ஃபில்டர் வாடையையும் குளோரினையும் எடுக்கும், முடியைத் தடுப்பது பஞ்சு. உப்பை இவை எடுக்காது. ஃபில்டரும் உதிரி மோட்டாரும் தனியாகக் கிடைக்காத மாடலை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், விட்டுவிடுங்கள்.

வந்த பிறகு

ஃபவுண்டன் வந்த அன்றே பழைய கிண்ணங்களை எடுத்துவிடாதீர்கள். முதல் சில நாள் மோட்டாரைப் போடாமல் வெறும் பாத்திரமாகவே வைத்து, பழகிய பின் ஓட விடுங்கள். பழகிய பிறகும் வீட்டில் மூன்று, நான்கு இடங்களில் தண்ணீர் இருக்கட்டும். ஒரே ஃபவுண்டன் என்றால் தெருக்குழாயில் முதலில் குடம் வைத்தவர்போல ஒரு பூனை அதன் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். மற்றவை சண்டை போடாது, குடிக்காமல் போய்விடும். அம்முலு அப்படி ஒதுங்குபவளாக இருந்தால் அவள் படுக்கும் இடத்துக்கு அருகில் தனிக் கிண்ணம் கட்டாயம்.

வாரம் ஒருமுறை, கோடையில் இரண்டு முறை, முழுவதும் கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து நன்றாக அலச வேண்டும். உப்புப் படிந்தால் வினிகரும் நீரும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் மோட்டாரை ஊறவையுங்கள். எலுமிச்சைச் சாறும் உதவும். பினாயில் வகைகள் பக்கமே வரக் கூடாது. பூனையின் கல்லீரலால் ஃபீனாலைச் சமாளிக்க முடியாது. தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வருமே என்று பயந்தால், தினமும் தேய்த்துக் கழுவி மாற்றும் கிண்ணத்தில் முட்டை கொசுவாக நேரமே இருக்காது. பரணில் போட்டுவிட்டு மறந்த கிண்ணத்தில்தான் வரும்.

பலன் தெரிகிறதா என்று ஃபவுண்டனின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சென்னை வெயிலில் கொஞ்சம் ஆவியாகியிருக்கும், மூன்று பேரில் யார் குடித்தது என்றும் தெரியாது. மணல் பெட்டியைப் பாருங்கள். கட்டியாகும் மணல் என்றால் சிங்காரத்தின் கட்டிகள் முன்பைவிடப் பெரிதாகின்றனவா, எண்ணிக்கை கூடுகிறதா என்று கவனியுங்கள். மாதமொருமுறை சிறுநீர் அடர்த்தியை டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். 1.030-க்குக் கீழே இறங்கினால் நீங்கள் செய்வது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கணவரிடம் சொல்லுங்கள்: 2 வாட் மோட்டார் நாள் முழுவதும் ஓடினாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்தான். குழாயைத் திறந்துவிட்டு அவன் வரும்வரை காத்திருப்பதில் வீணாகும் தண்ணீர் அதைவிடப் பெரிய கணக்கு.

மாமியார் அன்பாகச் சொல்வதைத் தட்டிவிட வேண்டாம், ஆனால் பால் தண்ணீருக்கு மாற்று இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. வயிற்றாலே போய், உள்ளே இருக்கும் நீரும் வெளியே போகும். அவர் கையால் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த மத்தி வேகவைத்த தண்ணீர் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். இந்த வாரம் அம்முலுவின் ரத்தமும் சிறுநீரும். அவளுக்குச் சிறுநீரகத்தில் ஏதாவது தெரிந்தால் வெட் ஃபுட்டும் கூடுதல் கிண்ணங்களும் அவளுக்கும் வேண்டியிருக்கும், பட்ஜெட்டை அப்போது மறுபடி போடலாம். அதே வருகையில் சிங்காரத்தின் டிஸ்சார்ஜ் சீட்டையும் காட்டி, அடைத்தது எது என்று கேட்டுவிடுங்கள். உங்கள் பகுதியில் வசதி இல்லையென்றால் வேப்பேரியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். ஒரே கூடையில் இரண்டு பேரையும் அடைத்துக் கொண்டுபோக வேண்டாம், தனித்தனிக் கூடை.